உயிருள்ளதைத் தூக்கும் சொல்

அமெரிக்காவில் நவஹோ என்றொரு மக்கள் இருக்கிறார்கள். ஒரு பொருளைக் கையில் எடுக்க, கொடுக்க, கீழே வைக்க, அந்தப் பொருளின் உருவத்தைப் பார்த்து வேறு வேறு வினைச்சொல் போடுவார்கள். இந்தச் செய்தி எனக்கு வந்து சேர்ந்தது என் குசினியில், கையில் வெங்காயமும் கத்தியும் இருந்தபோது. கொண்டு வந்தவள் என் மகள். டென்மார்க்கில், ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் ரயிலில் எங்கள் ஊரான இக்காஸ்டுக்கு வந்து, ஞாயிறு பின்னேரம் சோற்றுப் பெட்டியோடு திரும்பிப் போவாள்.

அப்போது என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து எட்டு மாதம். வலது கையும் வலது காலும் வேலை செய்யவில்லை. பேச்சில் முக்கால்வாசி போய்விட்டது. நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். பகலில் டேனிஷ் கிழவர்களைத் தூக்குவேன். வீட்டுக்கு வந்து இவரைத் தூக்குவேன். முதுகின் அடியில் நாரி நாள் முழுக்கக் குத்தும். இந்த நிலையில் பெற்ற பிள்ளை வந்து, தான் பரீட்சைக்கு எழுதப்போவது நவஹோக்காரர் எதை எப்படித் தூக்குகிறார்கள் என்பதைப் பற்றி என்று சொன்னால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

“உலகத்திலை உனக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையே?” என்றேன். “தமிழிலை உன்ரை பெயரைத் தவிர ஒண்டும் எழுதத் தெரியாது. இதிலை அமெரிக்காக் காட்டுக்கை போய் வினைச்சொல் பொறுக்கிறாய்.”

“காடு இல்லை அம்மா, பாலைவனம். ஆல்ட்சோ, ஒருக்காக் கேளுங்கோ.” அவளுக்கு ஒவ்வொரு வசனமும் ‘ஆல்ட்சோ’ என்றுதான் தொடங்கும். டேனிஷ்காரர் மூச்சு விடுவதற்குப் போடும் சொல் அது. “அந்த வெங்காயத்தைத் தாங்கோ.”

கொடுத்தேன்.

“இப்ப நீங்கள் தந்தது உருண்டையான, கெட்டியான சாமான். அதுக்கு ஒரு வினை. இப்ப கரண்டியைத் தாங்கோ. இது நீளம், வளையாது. இதுக்கு வேறை வினை. துவாயைத் தந்தால் அது மெல்லிசு, மடியும். அதுக்கு இன்னொண்டு. கயிறு எண்டால் வேறை. பஞ்சு, வைக்கோல் மாதிரிப் பொசுபொசு எண்டு இருந்தால் வேறை. சட்டிக்கை கறி இருந்து, சட்டி திறந்து இருந்தால் அதுக்கும் தனி.”

“பச்சை உருளைக்கிழங்குக்கு?”

“வெங்காயத்தின்ரை சொல்தான்.”

“அவிச்சு மசிச்சால்?”

“மாறிடும்! சேறு, களி மாதிரிக் குழைஞ்ச சாமானுக்கு ஒரு சொல் இருக்கு.” அவள் கை தட்டினாள். “அம்மா, நீங்கள் என்ரை புரொஃபெசரை விடக் கெட்டிக்காரி.”

“ஒரு மூட்டை கிழங்கு எண்டால்?”

“அது மூட்டை. சுமை. அதுக்கும் வேறை.”

“விசர்ச் சனம்” என்று சொல்லி வெங்காயத்தைத் திரும்ப வாங்கி வெட்டினேன். “ஒரு தேத்தண்ணி கேக்க முதல் இலக்கணம் படிக்க வேணும்.”

“இல்லை அம்மா. தேத்தண்ணி எண்டு சொல்லவே தேவையில்லை. ‘தா’ எண்டு சொன்னாலே என்ன மாதிரிச் சாமான் எண்டு அந்தச் சொல்லுக்குள்ளை இருக்கு. பேர் இல்லாமலே கேக்கலாம்.”

அவள் சும்மாதான் சொன்னாள். எனக்கு அது அப்போது காதில் விழவில்லை. மூத்திரப் பையை மாற்ற நேரமாகியிருந்தது.

என் கணவருக்குப் போனது பெயர்கள். வைத்தியசாலையில் விளக்கிச் சொன்னார்கள். சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும். ‘போங்கோ’, ‘வேண்டாம்’, ‘ஓம்’, ‘அது’ எல்லாம் வரும். தூஷண வார்த்தைகள் இரண்டும் சுத்தமாக வரும். ஆனால் தண்ணீர், கண்ணாடி, செருப்பு, என் பெயர், மகள் பெயர், ஒன்றும் வராது. “அது... அதைத்... தாரும்” என்பார். நான் பக்கத்தில் நின்று ஏலம் போடுவேன். “தண்ணியோ? ரிமோட்டோ? பேப்பரோ? குளிருதோ? ஒண்டுக்கோ?” நாலாவது கேள்வியில் அவருக்கு முகம் சிவக்கும். ஆறாவதில் எனக்குச் சிவக்கும். ஒருநாள் குஷனை எடுத்து எறிந்தார். நான் திருப்பி எறிந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்க்காத யாரும் என்னைக் குறை சொல்ல வரவேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடி “அது, அது” என்று தொடங்கினார். நான் ஏலத்தைத் தொடங்கினேன். சோபாவில் படுத்துப் படித்துக்கொண்டிருந்த மகள் எழும்பி உட்கார்ந்தாள்.

“அம்மா, வாயைப் பொத்துங்கோ. அப்பாவின்ரை கையைப் பாருங்கோ.”

இடது கை நெஞ்சுக்கு முன்னால் இருந்தது. விரல்கள் வளைந்து, கட்டைவிரல் மேலே. மணிக்கட்டு ஆடாமல் நேராக நின்றது. கொஞ்சம் சரிந்தாலும் ஏதோ ஊற்றுப்படும் என்பதுபோலப் பிடித்திருந்தார்.

“உள்ளுக்கை ஏதோ இருக்கிற, திறந்த சாமான்” என்றாள் மகள். “கப்.”

தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார். குடித்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். எட்டு மாதமாக அந்தக் கை இதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்ததா என்று நினைத்தபோது எனக்குச் சுவரில் தலையை இடிக்க வேண்டும் போல இருந்தது. நான் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அவர் இங்குள்ள துணி ஆலை ஒன்றில் அது மூடும்வரை வேலை செய்தவர். துணிச் சுருளைத் தூக்குவதும் இறக்குவதும் தான் வேலை. எதைப் பிடிக்க விரல் எப்படி நிற்க வேண்டும் என்பதை அந்தக் கை மறக்கவில்லை. அன்றைக்கும் அடுத்த நாளும் தகப்பனும் மகளும் விளையாட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒட்டி இழுத்தால் மடிகிற சாமான்: பேப்பர், போர்வை, சேர்ட். முஷ்டி மூடி நேராக நின்றால் நீளமான சாமான்: ஊன்றுகோல், ரிமோட், பல்துலக்கி. உள்ளங்கை குழிந்தால் உருண்டை: தோடம்பழம், மாத்திரைப் போத்தல். நான் இருபது சாமான் கேட்க வேண்டிய இடத்தில் மூன்று கேட்டால் போதும் என்று ஆனது. மூக்குக் கண்ணாடிக்கு மட்டும் கை எப்படிப் பிடித்தாலும் எங்களுக்கு விளங்கவில்லை. அது நீளமுமில்லை, தட்டையுமில்லை.

“உன்ரை நவஹோக்காரர் கண்ணாடிக்கு என்ன செய்வினம்?” என்று கேட்டேன்.

“தெரியேல்லை அம்மா.”

“அதைப் படி முதல்லை.”

அவர் கையில் இன்னொரு பிடியும் இருந்தது. முஷ்டியை மூடித் தோளுக்கு மேலே கொண்டுபோய், எதையோ முதுகில் தூக்கிப் போடுவது போல ஒரு ஆட்டு. முகத்தையும் சுளிப்பார். இது மூட்டை. மகளுக்கு அது என்ன சாமான் என்று விளங்கவில்லை. எனக்கு அந்த ஒன்று மட்டும் முதலிலிருந்தே தெரியும். மறுவாழ்வு நிலையத்தில் அவரை லிஃப்டில் தூக்கினார்கள். கூரையில் ஓடுகிற தண்டவாளம், அதில் ஒரு மோட்டார், கீழே துணித் தொட்டில். ஆளைத் தொட்டிலில் வைத்துக் கொளுவி, பொத்தானை அழுத்தினால் கால் இரண்டும் ஆட மேலே போகும். நான் வேலையில் ஒரு நாளைக்கு இருபது தரம் அழுத்துகிற பொத்தான் அது. அதில் தொங்கியபோது அவர் கண்ணை இறுக்க மூடியிருந்தார். வீட்டுக்கு வந்த முதல் நாளே கையால் அந்த மூட்டையைக் காட்டி “வேண்டாம்” என்றார். நானும் “வேண்டாம், நான் இருக்கிறன்” என்றேன்.

நான் இருக்கிறேன் என்று சொல்வதற்குக் காசா பணமா?

இனிச் சொல்லப்போவது நாங்கள் செய்த முட்டாள்தனம். இக்காஸ்டில் எந்தத் தமிழ் வீட்டைத் தட்டினாலும் இதே முட்டாள்தனத்தைச் செய்திருப்பார்கள் என்பது எனக்கு ஆறுதல் இல்லை. நான் அதே தொழிலில் இருப்பவள்.

கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து ஒரு பெண் வருவாள். விசிட்டாட்டர் என்று பெயர். வீட்டுக்கு வந்து ஆளைப் பார்த்து, என்ன உதவி, எவ்வளவு நேரம், என்ன உபகரணம் என்று முடிவு செய்வது அவள். என் வேலையிடத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்: வீட்டைக் கூட்டாதீர்கள், அடுக்காதீர்கள், உங்கள் மோசமான நாளை அவளுக்குக் காட்டுங்கள் என்று.

என் வீட்டுக்கு அவள் வருகிறாள் என்றதும் நான் இரண்டு நாள் கூட்டினேன். யன்னல் சீலை தோய்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கழிப்பறை நாற்காலியைக் கராஜுக்குள் ஒளித்தேன். விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்தேன். இவரைச் சவரம் செய்து, கலியாண வீட்டுக்குப் போடும் வெள்ளைச் சேர்ட்டைப் போட்டு, சீப்பால் தலை இழுத்து, பவுடரும் போட்டுவிட்டேன். வீட்டுக்கு ஒருவர் வரும்போது நோய்ப் படுக்கையைக் காட்டுவதா?

மணி அடித்தது. அவள் உள்ளே வந்து கை நீட்டினாள். என் கணவர் மேசை விளிம்பை இடது கையால் பிடித்து எழும்பினார். வந்தவர் நிற்க வீட்டுக்காரன் உட்கார்ந்திருக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. நான் பின்னால் நின்று அவர் இடுப்புப் பட்டியைப் பிடித்து, என் முழங்காலை நாற்காலியில் முட்டுக் கொடுத்து, சிரித்துக்கொண்டு நின்றேன். முதுகில் வியர்வை ஓடியது. அவளுக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

“ஃப்ளொட்!” என்றாள். பிரமாதம் என்று அர்த்தம். இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டாள். எல்லாம் சமாளிக்கிறீர்களா என்று கேட்டாள். பிரச்சினை இல்லை என்றேன். எழுதிக்கொண்டு போனாள். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. சிறு துணையுடன் எழும்பி நிற்கிறார், கிழமைக்கு இரண்டு தரம் குளிக்க உதவி, தூக்கும் உபகரணம் தேவையில்லை. அதைப் படித்து நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். எதையோ வென்றுவிட்ட மாதிரி.

கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. வெளியே இருட்டும் மழையும். அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது என் நாரியில் எதுவோ வெட்டியது. கத்தி இறங்கிய மாதிரி. நான் விட்டுவிட்டேன். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே பக்கவாட்டில் விழுந்தார். நெற்றி கிழிந்து இரத்தம். என்னால் குனியவும் முடியவில்லை. நான் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் நிலத்தில் கிடந்தபடி இடது கையால் என் குதிக்காலைத் தடவினார். அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்! எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அம்புலன்ஸ் வந்தது. விழுந்துவிட்டார் என்றேன். மகளுக்குத் தொலைபேசியில் சொன்னபோதும், வழுக்கி விழுந்துவிட்டார் என்றேன்.

சனிக்கிழமை வந்தாள். தகப்பன் நெற்றியில் ஆறு தையல். கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசையில் தன் குறிப்பு அட்டைகளைப் பரப்பினாள். பரீட்சை நெருங்கியிருந்தது. சத்தம் போட்டுச் சொல்லிப் பார்ப்பது அவள் பழக்கம். கேட்க வேறு ஆள் இல்லாததால் எனக்குச் சொன்னாள்.

“ஆல்ட்சோ, உருவம் மட்டும் இல்லை அம்மா. எப்பிடிப் போகுது எண்டதும் இருக்கு. ஒரு சாமான் போய்ச் சேரும் வரைக்கும் கை அதோடை இருந்தால் ஒரு வேர்ச்சொல். பாதியிலை கையை விட்டால், எறிஞ்சாலோ போட்டாலோ, வேறை வேர். ஒருதரும் தொடாமல் தானாப் போனால், தானா விழுந்தால், அதுக்கு இன்னொண்டு.”

பிறகு அட்டையைப் பார்த்தபடியே கேட்டாள். “அப்பா எப்பிடி விழுந்தவர்?”

“என்னடி, பொலிஸ் விசாரணையோ? வழுக்கினவர் எண்டு சொன்னன் எல்லே?”

“சும்மாதான் கேட்டனான்.”

“உன்ரை படிப்பை இஞ்சை கொண்டு வராதை. நீ ஓகூஸிலை இருந்து அட்டை எழுது. இஞ்சை ஆர் பாக்கிறது? ஆர் தூக்கிறது?”

அப்போது நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது. என் கணவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இடது கையால் தன் நெஞ்சைத் தட்டினார். பிறகு கையைத் தானாகச் சரிய விட்டார், மேலிருந்து மடிவரைக்கும். மகள் பார்க்கிறாளா என்று பார்த்து, திரும்பவும் செய்தார். தானாக விழுந்தேன் என்கிறார். எனக்காகப் பொய் சொல்கிறார். மிஞ்சியிருக்கிற ஒரே கையால்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“இல்லை. நான் விட்டனான்” என்றேன். “கை விட்டுப் போட்டன். நாரி பிடிச்சது, விட்டுட்டன். அவர் வழுக்கேல்லை.”

மகள் எழும்பி வந்து எனக்குப் பின்னால் நின்று இரண்டு தோளிலும் கை வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “எத்தினை நாளா நாரி நோகுது?” என்று மட்டும் கேட்டாள்.

“நீ பிறந்த நாளிலை இருந்து” என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

வைத்தியசாலை கொம்யூனுக்கு அறிவித்துவிட்டது. அதே பெண் தொலைபேசியில் பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள். வீட்டில் பாதுகாப்பு இல்லை, முதியோர் இல்லத்தில் ஓர் இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றாள். வீட்டில் இருக்க வேண்டுமானால் லிஃப்ட் வேண்டும். ஆளைக் கையால் தூக்க உதவியாளருக்கு அனுமதியில்லை. அவர் லிஃப்டுக்குச் சம்மதிக்காவிட்டால் வேறு வழி இல்லை.

முதியோர் இல்லத்தைப் பற்றி நான் கெட்டது சொல்ல மாட்டேன். என் சோறு அங்கிருந்து வருகிறது. சுத்தமான இடம், நல்ல பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஆனால் காலையில் ஓர் ஆளுக்கு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஒருவரின் விரல் எப்படி வளைகிறது என்று யார் பார்ப்பார்கள்? நான் பார்த்திருக்கிறேனா? இத்தனை வருடத்தில் ஒரு தரமாவது? இல்லை. அதனால்தான் அவரை அங்கே விட எனக்கு மனமில்லை.

எல்லாம் அவருடைய ஓர் ‘ஓம்’ என்ற சொல்லில் வந்து நின்றது. சம்மதித்தால் வீடு. இல்லையென்றால் இல்லம். எடுத்துச் சொன்னேன். மூட்டையைக் காட்டினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பார்த்துப் பழகட்டும் என்று சக்கரம் வைத்த லிஃப்ட் ஒன்றை ஒரு கிழமைக்குக் கொண்டுவந்து ஹோலில் விட்டுப் போனார்கள். கோழி ஒன்று ஒற்றைக் காலில் நிற்பது போல நின்றது. மூன்று நாள் அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சனிக்கிழமை மகள் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு தகப்பனின் காலடியில் நிலத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா, உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை. நீங்கள் மூட்டை எண்டு காட்டுறியள் எல்லே, அந்த மொழியிலை மூட்டையைத் தூக்கிறதுக்கு ஒரு சொல். உயிருள்ளதைத் தூக்கிறதுக்கு வேறை சொல். மனிசருக்கு, பிள்ளையளுக்கு, நாய்க்குட்டிக்கு. எவ்வளவு பாரமா இருந்தாலும் மனிசருக்கு மூட்டையின்ரை சொல் போட மாட்டினம்.”

அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கேட்கிறார் என்று பிடரியில் தெரிந்தது.

நான் குசினி வாசலில் நின்று கேட்டேன். “நடக்க ஏலாதவைக்கு?”

“அதே சொல்தான் அம்மா. உயிருள்ளது.”

“அறிவில்லாமல் கிடக்கிறவைக்கு?”

“அதே சொல்.”

“செத்தவைக்கு?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அதுவும் அதே சொல்தான். நானும் அதைப் பாத்துத் திரும்பத் திரும்ப வாசிச்சனான். செத்த உடம்புக்கும் உயிருள்ளதின்ரை சொல்தான். மூட்டைக்கு மாறுறது இல்லை.”

இல்லத்தில் ஒருவர் இறந்தால் நாங்கள் இரண்டு பேராக நின்று கழுவி, நல்ல உடுப்புப் போட்டுவிடுவோம். திருப்பும்போது, “இப்ப உங்களை இந்தப் பக்கம் திருப்பப்போகிறோம்” என்று அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் திருப்புவோம். யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். பார்த்தே இராத அந்த மக்கள் மேல் எனக்கிருந்த எரிச்சல் அந்த நிமிடத்தோடு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் அந்த மொழி பேசிய பிள்ளைகளை ஒரு காலத்தில் அடித்தார்களாம், பிறகு மகள் சொன்னாள். அடித்தும் அந்தச் சொல்லை விடவில்லையே.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து துணித் தொட்டிலை எடுத்து விரித்தேன்.

“என்னைத் தூக்கு” என்றேன்.

“என்ன?”

“வேலைக்குச் சேரேக்கை எங்களை எல்லாரையும் ஒருக்கா இதிலை தூக்குவினம். எப்பிடி இருக்கும் எண்டு தெரியவேணும் எண்டு. தூக்கடி.”

தொட்டிலில் உட்கார்ந்து, எப்படிக் கொளுவுவது என்று சொல்லிக்கொடுத்தேன். கால் பட்டியைக் குறுக்காகப் போடாமல் நேராகப் போட்டாள். பொத்தானை அழுத்தினாள். என் ஒரு பக்கம் மேலே போனது, மற்றப் பக்கம் போகவில்லை.

“எடி விசரி! நிப்பாட்டு! பட்டியைப் பிணைக்கச் சொன்னன் எல்லே! பல்கலைக்கழகம் போய் என்னத்தைப் படிச்சனி!”

“நிப்பாட்டுற பொத்தான் எது அம்மா?”

“சிவப்பு! சிவப்பு!”

நான் அந்தரத்தில், சீலை முழங்காலுக்கு மேலே ஏற, சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு பக்கம் சரிந்து தொங்கினேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்று நினைத்தேன். இல்லை, அவர் சிரிக்கிறார். பாதி முகம்தான் சிரிக்கும், ஆனால் வயிறு முழுக்கக் குலுங்கியது. எட்டு மாதத்துக்கும் மேலாக அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. இறக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொங்கிக்கொண்டே இருந்தேன்.

சிரித்து முடிந்ததும் அவர் நாற்காலியை இடது காலால் தள்ளிக்கொண்டு கிட்ட வந்தார். மகளுக்குக் கையைக் காட்டினார்: மெதுவாக. இன்னும் மெதுவாக. நில். பிறகு நான் இறங்கி வரும்போது உள்ளங்கையை என் முதுகுக்குக் கீழே கொடுத்தார். பட்டி கொளுவியிருக்க, மோட்டார் பிடித்திருக்க, அந்தக் கையில் ஒரு பாரமும் ஏறாது. ஆனாலும் நான் கதிரையில் போய் இருக்கும்வரை அவர் அதை எடுக்கவில்லை.

“இப்ப நீங்கள்” என்றேன்.

தொட்டிலைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு, “ஓம்” என்றார். உடனே விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். நீ தூக்கக் கூடாது, மகள் தூக்கட்டும் என்று அர்த்தம். நாரி.

விசிட்டாட்டர் மறுபடி வந்த நாளில் நான் கூட்டவில்லை. இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் விளங்காது. கழிப்பறை நாற்காலியை அறை நடுவில் விட்டேன். ரோல்ஸ் இல்லை, வெறும் கோப்பி. அவருக்கு மூன்று நாள் தாடி. அவள் உள்ளே வந்து கையை நீட்டினாள். அவருடைய இடது கை மேசை விளிம்பைத் தேடிப் போனது. நான் அவர் முழங்காலில் என் கையை வைத்தேன்.

“இருங்கோ.”

என்னைப் பார்த்தார். கண் கலங்கியது. இருந்தார். இருந்தபடியே அவளுக்குக் கை கொடுத்தார். ஓர் ஆள் நிற்க அவர் இருந்து கை கொடுத்ததை அன்றைக்குத்தான் முதல் தரம் பார்த்தேன்.

நான் டேனிஷில் சொன்னேன், இலக்கணம் பார்க்காமல். போன தரம் அவர் நிற்கவில்லை, நான் பின்னால் பட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் விழவில்லை, நான் விட்டேன். என் நாரி போய்விட்டது. இரவில் இரண்டு தரம் எழும்புகிறேன். அவர் வீட்டில் இருக்க வேண்டும், தனியாக என்னால் முடியாது.

கடைசி இரண்டு சொல்லையும் இந்த நாட்டுக்கு வந்த முப்பது வருடத்தில் நான் யாருக்கும் சொன்னதில்லை.

அவள் பேனாவை வைத்தாள். “போன தரம் ஏன் இதைச் சொல்லவில்லை?”

“நீ எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாய்” என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. அதை விளக்க என்னிடம் டேனிஷ் இல்லை. அவள் எழுதினாள். பிறகு லிஃப்டில் தூக்கிக் காட்டச் சொன்னாள். மகள் தூக்கினாள். பட்டி சரியாக இருந்தது. அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

தை மாதம் இரண்டு ஆட்கள் வந்து கூரையில் தண்டவாளம் பூட்டினார்கள். அடுத்த திங்கள் காலை ஏழரைக்கு உதவியாளர்கள், இரண்டு பெண்கள், வந்தார்கள். ஒருத்தி என் மகள் வயது. என்னைக் குசினியில் இருக்கச் சொன்னார்கள். என் வீட்டில் எனக்கு உத்தரவு. போகவில்லை. தலையணையை இப்படி வை, அந்தக் காலை முதல் எடு என்று கதவடியில் நின்று நச்சரித்தேன். மூத்தவள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

குசினியில் போய் நின்றேன். அந்த நேரத்தில் என் கைக்கு ஒரு வேலையும் இல்லை. அது எப்படியோ இருந்தது. கதவுக்குப் பின்னால் அந்தச் சின்னப் பெண்ணின் குரல் கேட்டது. எங்கள் தொழிலில் தூக்குமுன் எண்ணுவோம், ஆள் திடுக்கிடாமல் இருக்க. “ஈன், தோ, த்ரே” என்று மூன்று வரைக்கும்.

அவள் ஈன் என்றதும் இன்னொரு குரல் சேர்ந்தது. தடித்த, கரகரத்த குரல். தோ, த்ரே. என் பெயர் சொல்ல வராத வாய் டேனிஷில் எண்ணியது. மூன்றில் நிறுத்தவில்லை. நாலு, ஐந்து என்று போனார். தடங்கல் இல்லாமல், ஆலையில் துணிச் சுருள் எண்ணுகிற மாதிரி. மோட்டார் சத்தம் இன்னும் வரவில்லை. ஏழு, எட்டு. அவர்கள் இரண்டு பேரும், எட்டு மணிக்கு அடுத்த வீட்டில் நிற்க வேண்டியவர்கள், அவர் எண்ணி முடிக்கும்வரை காத்துக்கொண்டு நின்றார்கள்.

பத்து என்றார். பிறகுதான் தூக்கினார்கள்.